நான் நிரப்பிய நாற்பத்தொரு வரிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் பேத்தி உருண்டையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கைகூப்பும்போது கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று எழுதித்தானே தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அது எவ்வளவு சுகம் என்பதை முழுக்கப் படித்த பிறகு நீயே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள். நீ அனுப்பிய பயணச்சீட்டு வந்தது. இது மூன்றாவது. முதல் சீட்டுக்கு அப்பாவின் முழங்கால் என்றேன், இரண்டாவதுக்கு என் தலைசுற்றல் என்றேன், இந்தத் தடவை சொல்ல என்னிடம் உடம்பில் வேறு உறுப்பு மிச்சமில்லை. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் என்றால் குளத்துக் கரைமேல் ஏறினால்தான் சிக்னல், அங்கே படகு மன்றத்து ஆட்கள் யாராவது பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள், போதாததற்கு நீ என் குரலைக் கேட்டதும் என்னம்மா என்னம்மா என்பாய், நான் உடனே உருண்டை சாப்பிட்டாளா என்று பேச்சை மாற்றிவிடுவேன். மூன்று வருடமாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையும் படிக்கட்டும், மறைக்க வேண்டாம், ஆனால் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு கொடு.

வீட்டுச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வலி குறைந்தது என்று அவரும் சொல்லவில்லை, கூடியது என்று நானும் கேட்கவில்லை. உன் அத்தை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், போகும்போது, "அண்ணி, உங்க வீட்ல படுத்தா கிணத்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கு, எப்படித்தான் இருக்கீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எதையும் யோசித்துச் சொல்கிறவள் இல்லை, ஆனால் சில சமயம் குருட்டடி சரியாக விழுந்துவிடுகிறது. உனக்கு இந்த வீடு தெரியும், ஆனால் நீ இருந்தபோது தெரிந்த வீடு வேறு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் முன்பும் கரையின் புல்சரிவுதான் தெரியும், ஆனால் உச்சியில் ஒரு சாண் வானம் இருக்கும். இப்போது கரை ஓரத்தில் வேலி கட்டி அதில் விளம்பரத் தட்டி கட்டியிருக்கிறார்கள், அந்த ஒரு சாணும் போய்விட்டது. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் தொட்டியில் தலையைச் சாய்த்துக் கழுத்தை மடக்க வேண்டும். மேலே மிதிபடகுகள் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குழந்தைகள் சிரிப்பது நம் கூரைக்கும் மேலிருந்து கேட்கிறது. நான் இங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், என் தலைக்கு மேலே யாரோ ஒரு குடும்பம் படகில் போய்க்கொண்டிருக்கும். இது சாதாரண விஷயம்தான், இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான், ஆனால் இந்த இரண்டு மாதமாக அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு நீ நம் வாளிக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் என்னை வாளியும் கையுமாகத்தான் பார்த்திருப்பாய், என்ன செய்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, பிள்ளைகள் கேட்பதில்லை. எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும், கசியாத மண் கிடையாது. அந்தக் கசிவெல்லாம் கரையின் அடியில் ஒரு குழாய் வழியாக வந்து விழும்படி செய்திருக்கிறார்கள். அதன் கீழே எட்டு லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், தினமும் காலை ஒரு தடவை. வாளி மெதுவாக நிரம்பினால் நல்லது. சீக்கிரம் நிரம்பினால் கரைக்குள்ளே தண்ணீர் தனக்கு வழி தேடிக்கொள்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை, மண் நிறத்தில் வந்தால் கரை தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பதிவேட்டின் பின்னட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதைப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது. வேலை அப்பாவுடையது, கரைக்காவலர் என்று அவர் பெயரில்தான் ஆணை. ஆனால் நம் வாசலிலிருந்து குழாய்க்கு இறங்கப் படி முப்பத்தாறு, அவர் முழங்கால் கெட்ட நாளிலிருந்து நான் இறங்கி அளக்கிறேன், நானே எழுதுகிறேன், அவர் ஒவ்வொரு வரிக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறார். மேலதிகாரிகளுக்கும் இது தெரியும். மேற்பார்வைக்கு வரும் இன்ஜினியர் சார், "அம்மா கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு, ஆபீஸ்ல எவனும் இப்படி எழுத மாட்டான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அந்தப் பேச்சுக்கு நான் மயங்கியிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள், அப்பாவின் மாத்திரை என்று நான் எழுதி வைக்கிற கணக்குகள் ஆயிரம், அவற்றை நம் வீட்டில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த ஒரு நோட்டைத்தான் ஒரு பெரிய மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

இப்போது கவனமாகப் படி. மூன்று வருடம் முன்னால் உன் பிரசவத்துக்கு நான் வந்து நாற்பத்தொரு நாள் இருந்தேன். புறப்படும்போது அப்பாவிடம், தினமும் இறங்க முடியாவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது இறங்கிப் பாருங்கள், அளவை எழுதுங்கள் என்று நூறு தடவை சொன்னேன். சரி சரி என்றார். அவர் சரி சரி என்று இரண்டு தடவை சொன்னால் செய்ய மாட்டார் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வந்தேன், உனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மாப்பிள்ளை போனில் அழுத பிறகு எந்தத் தாய்க்கு வாளி ஞாபகம் வரும். திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன், நாற்பத்தொரு வரியும் வெள்ளையாகக் கிடந்தன. தேதி மட்டும் போட்டிருந்தார். மறு திங்கட்கிழமை பதிவேட்டை எடுத்துப்போய் மேல் ஆபீசில் காட்ட வேண்டும். காலியாகக் காட்டினால் அப்பாவுக்கு மெமோ, அது இரண்டாவது மெமோ, இரண்டாவதோடு வேலை போய்விடும், வேலையோடு வீடும் போய்விடும். ஆனால் நான் பயந்துதான் செய்தேன் என்று உன்னிடம் சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, என் நோட்டில் ஓட்டை விழுந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. பதினாறு வருடம் ஒரு நாள் விடாமல் எழுதிய நோட்டு. ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முதலில் கண்ணை மூடிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு எழுத ஆரம்பித்தேன். செய்யப் போகிற பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று என்று உண்மை மாதிரித் தெரிவதற்காகக் கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதினேன். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று நடுவில் பேனாவை மாற்றினேன். அப்பா வந்து பார்த்தார், நாற்பத்தொரு கையெழுத்துப் போட்டார், "உன் வாளிய விட நீ நல்லா அளக்குற" என்று சிரித்தார், நானும் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாற்பத்தொரு நாளுக்குள் நான்கு நாள் விடாமல் மழை பெய்திருக்கிறது. நான் உன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாது. தேதி தேதியாக எழுதினேனே தவிர எந்தத் தேதிக்கு என்ன வானம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன கோடையில் படகு மன்றத்துச் செயலாளர், கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு அலைவாரே, ஊரே விசில் என்று கூப்பிடுகிறதே அவர்தான், குளத்தின் அந்தக் கரையோரம் ஆழம் போதவில்லை, படகு அடி தட்டுகிறது, புது மோட்டார் படகு வாங்கியிருக்கிறோம், இன்னும் ஓர் அடி தண்ணீர் நிற்க வேண்டும் என்று மனுப் போட்டார். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே வழிகிற வாய் இருக்கிறதல்லவா, அதில் அடைப்புப் பலகை வைத்துவிட்டால் மட்டம் ஓர் அடி உயரும். அதற்கு இன்ஜினியர் சார் சம்மதிக்க வேண்டும். அவர் வந்தார், நம் மேசையில்தான் உட்கார்ந்தார், பதிவேட்டை வருடம் வருடமாகப் புரட்டினார். அந்த மழைப் பக்கத்துக்கு வந்ததும் விரலை வைத்து நின்றார். வேறொரு தாளில் மழைக் கணக்கு வைத்திருந்தார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நாலு நாள் கொட்டியிருக்கு, வாளி அம்பத்திரண்டிலேயே நிக்குது. இந்த மாதிரி கரை நான் சர்வீஸ்ல பார்த்ததில்ல. இதுக்கு ஒரு அடி என்ன, தாங்கும்" என்றார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிரம்பித் தட்டில் வழிந்தது, "அம்மா போதும் போதும்" என்று சிரித்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

பலகை வைத்து இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. தண்ணீர் ஓர் அடி ஏறி நிற்கிறது. முதல் வாரம் வாளி நாற்பத்தாறு. ஓர் அடி ஏறினால் கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மாத முடிவில் முப்பத்தொன்பது. இன்று காலை இருபத்தொன்பது. குழாயை விட்டுப் பத்தடி தள்ளி, எப்போதும் காய்ந்து கிடக்கும் இடத்தில் புல் பச்சையாகச் சொதசொதவென்று இருக்கிறது, கால் வைத்தால் செருப்பு உறிஞ்சிக்கொள்கிறது. மூன்று நாள் தண்ணீர் நீர்த்த டீ மாதிரி வந்தது, நான்காம் நாள் பளிங்காக ஆகிவிட்டது, அப்புறம் மறுபடி ஒரு நாள் அந்த நிறம். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில், "தண்ணின்னா வரத்தான் செய்யும்" என்றார், அப்புறம் ஒரு நாள் தடியை ஊன்றிக்கொண்டு முப்பத்தாறு படியும் அவரே இறங்கிவந்து பார்த்தார், பார்த்துவிட்டு ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்துதான் சொன்னார், அந்த மழையில் மூன்றாம் நாள் மேலிருந்து எட்டிப் பார்த்ததில் குழாய் வாயில் தண்ணீர் பிதுங்கிக்கொண்டு வந்ததாம், கீழே புல்லெல்லாம் மிதந்ததாம், மழை நின்ற பிறகு தானாக அடங்கிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லையாம். நான் நிரப்பாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கம் காலியாகவாவது இருந்திருக்கும், காலியைப் பார்த்தாவது அந்த மனுஷர் என்ன ஏது என்று கேட்டிருப்பார். நான் அதில் நல்ல கரையை எழுதி வைத்தேன்.

அப்பா அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மதகின் சக்கரத்தை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மட்டத்தைக் குறைக்கப் பார்த்தார், உத்தரவு இல்லாமல் அதைத் தொடவே கூடாது. நான்கே நாளில் விசில் வந்து நின்றார். "யாருங்க என் குளத்து தண்ணிய குடிக்கிறது? தண்ணி மார்க்கு நாலு விரல் இறங்கியிருக்கு. படகுப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கு பெரியவரே, போட்டி முடிஞ்சதும் நீங்க அதுல குளிங்க, துவைங்க, நான் கேக்க மாட்டேன்" என்றார். அப்பா கரை கசிகிறது என்றார். "அந்த மழைக்கே அசையலன்னு உங்க புத்தகத்துலயே இருக்கே" என்றார் அவர். இவருக்கும் கோபம் வந்து, "தண்ணி வந்தா உன் விசில் மிதக்கும்டா" என்றார், அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, அன்றைக்கு மதகுச் சக்கரத்தின் கைப்பிடியையே கழற்றித் தன் கார் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பலகைக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவியும் அவரிடம். கரைக்காவலர் வீட்டில் இப்போது கரையின் சாவி ஒன்றுகூட இல்லை, வாளி மட்டும் இருக்கிறது. நமக்குக் கீழே ஒன்பது வீடுகள் இருக்கின்றனவே, அவர்களிடமாவது சொல்வோம் என்று தையல்காரி வீட்டுக்குப் போனேன், உனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவள்தான், அவள் மாமியார் இப்போது படுக்கையில். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அக்கா, கரைக்கு அடியில முதல் வீடே உங்களுது, உங்க வீட்டுக்காரர் நிம்மதியா தூங்குறார்ல, அப்புறம் எங்களுக்கு என்ன பயம்" என்றாள். நாங்கள் இங்கே குடியிருப்பதுதான் அவர்களுக்கு உத்தரவாதம். இதனால்தான் உன் சீட்டை எடுத்துக்கொண்டு என்னால் ஏற முடியவில்லை, புரிகிறதா. நான் கிளம்பிப்போனால் மகளைப் பார்க்கப் போயிருக்கிறாள், பெரியவர் இருக்கிறாரே என்பார்கள். வாளியை யாரும் தொட மாட்டார்கள். ஒரு தடவை கிளம்பி வந்ததற்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன்.

கடைசியில் நானே இன்ஜினியர் சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன், வந்து பாருங்கள் என்று. மூன்று வாரம் முன்னால் வந்தார். எனக்கு வாய்த்த நேரம், அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. வாளியைத் தானே வைத்துப் பார்த்தார், முப்பத்து நான்கு வந்தது. கூடியிருக்கிறதுதான், ஆனால் மட்டம் உயர்ந்ததற்கு இப்படிக் கொஞ்சம் இருக்கும், போட்டி முடிந்ததும் பலகையை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். "அந்த மழைக்கே அசையாத கரைம்மா இது. அதை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அப்போது சொன்னேன். மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, சார், அந்த மழைப் பக்கம் பொய், நான் அப்போது ஊரிலேயே இல்லை, வந்து உட்கார்ந்து எழுதினேன், ஐம்பத்திரண்டு என்பது வாளி சொன்னதில்லை, நான் சொன்னது என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார், பேனா மாறியிருந்த இடத்தைக்கூடப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அம்மா, பத்து வருஷமா நான் உங்க எழுத்த படிக்கிறேன். இந்தக் கை பொய் எழுதாது. விசிலுக்கும் பெரியவருக்கும் தகராறுன்னு கேள்விப்பட்டேன், அதுக்காக நீங்க பழிய தலையில போட்டுக்காதீங்க" என்றார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வயசாகுது சார், அவளுக்கு ஞாபகம் முன்ன மாதிரி இல்ல" என்றார். இன்ஜினியர் சார் என் மீது இரக்கப்பட்டு எழுந்து, போகும்போது, நீங்களே கரையடியில் குடியிருக்கிறீர்களே, அதைவிட எனக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உண்மையாக எழுதிய பதினாறு வருடம் சேர்ந்து வந்து, நான் பொய்யாக எழுதிய நாற்பத்தொரு நாளுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

அப்பா மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் அதை வளர்க்காதே. அவருக்கு ஓய்வுக்கு இன்னும் பதினேழு மாதம். ஒவ்வொரு வரிக்குக் கீழும் இருப்பது அவர் கையெழுத்து. அறுபதை நெருங்குகிற வயதில் முழங்கால் போன மனிதரை யார் எந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். அவர் சொன்னது எனக்கு வலித்தது, ஆனால் நான் எழுதியபோது அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், அவர் மறைத்தபோது நான் சிரிக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று அவர் எதிர்பார்த்தார், கணக்குச் சரிதானே. மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டை வைத்தேன், சாப்பிட்டார், தட்டைக் கழுவினேன். நான் காலையில் வாளியோடு இறங்கும்போது மட்டும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஏறி வரும்வரை நிற்பார். நான்காம் நாள் நான் ஏறிவந்து வாளியைக் கவிழ்த்து வைக்கும்போது, "எவ்வளவு" என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். அப்புறம், "அந்த ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கறவங்க தினமும் ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும்னு சொன்னியே, போட்டியா" என்றார். போட்டேன் என்றேன். "என் வாயால எனக்கு வராதும்மா. இருபத்திரண்டு வருஷம் இந்தச் சட்டைய போட்டுட்டேன். அந்தத் தாள் வந்தா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். என்னை அவர் 'அம்மா' போட்டுப் பேசுவது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நீ படுத்திருந்த பதினொரு நாளும் துணையிருப்பவர் என்ற இடத்தில், தேதியும் நேரமும் போட்டு நான் கையெழுத்திட்டிருக்கிறேன். மழை பெய்த நான்கு நாளும் அதற்குள் வருகின்றன. பதிவேட்டில் அந்தத் தேதிகளில் என் எழுத்து இருக்கிறது, என் கை அந்தத் தேதிகளில் உன் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் மறுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தாள்களின் நகலை அவர்கள் முத்திரையோடு வாங்கு. போனில் படம் பிடித்து அனுப்பாதே, படத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிற காலம் இது. இழுத்தடித்தால் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, அவர் குரலை உயர்த்தாமலே காரியத்தை முடிப்பவர். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் நான்கு நாளில் உனக்குக் கிடைக்கும், நீயும் அப்படியே அனுப்பினால் போட்டிக்கு முன்னால் வந்துவிடும். அதுவரை தினமும் இறங்கி அளப்பேன், உண்மையைத்தான் எழுதுவேன், மறுபடி நிறம் மாறுகிற நாளில் ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டி, திட்டு வாங்கியாவது அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வருவேன், தையல்காரியின் மாமியாரை நகர்த்த நம் மடக்குக் கட்டிலை வாசலில் விரித்துப் பார்த்து வைத்திருக்கிறேன். இதனால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று கேட்பாய். தெரியாது. வேலை போகலாம். வீடு போகும். வழக்கு வருமா என்றுகூட யோசித்தேன். அப்போது உன்னிடம் வருவோமா என்று கேட்காதே, இப்போது அதற்கு நான் ஆமாம் என்று சொன்னால், உன் வீடு இருக்கிறது என்ற தைரியத்தில் சொன்ன உண்மை ஆகிவிடும். எனக்கு அப்படி வேண்டாம். அது நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சீட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடு.

உருண்டைக்கு ஈரத்தலையோடு வெளியே போகிற பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்து. உன் ரத்த அழுத்த மாத்திரையை, நன்றாக இருக்கிறேனே என்று நீயாக விட்டுவிடாதே, நன்றாக இருக்கிறது என்று நாமே எழுதிக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொள். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். கடவுள் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும், உள்ளதை உள்ளபடி சொல்லும் வாயும் கொடுக்கட்டும். எனக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள், என் வேண்டுதலை அவர் இப்போது எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாரோ தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தத் தாள்களை எனக்கு அனுப்பாதே. இன்ஜினியர் சாரின் ஆபீஸ் முகவரியைத் தனித் துண்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், உறைமேல் அதை நீயே உன் கையால் எழுதி நேராக அவருக்கு அனுப்பு. என் கைக்கு வந்தால், அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மத்தியானத்தில் நான் அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா